மேனேஜரின் இடுப்பளவு

என் சித்தி தையல்காரி. தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, மேசைக்கு அடியில் ஒரு நாய். இவ்வளவுதான் கடை. நாயை எல்லோரும் மேனேஜர் என்பார்கள். கடையில் மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவன் அவன் ஒருவன்தான் என்பதால் வந்த பெயர். எனக்கு வேலை கிடைத்து, கடைக்கு மேலே இருக்கும் சித்தி வீட்டில் தங்க வந்த பிறகு அந்தப் பதவிக்குப் போட்டி வந்துவிட்டது என்பாள் காஜா அக்கா. பதினாறு வருடமாகச் சித்தியிடம் காஜா எடுத்துப் பட்டன் தைப்பவள் அவள். ஊசியை உதட்டில் கடித்துக்கொண்டே பேசுவாள். இரண்டில் எது குத்தியது என்று தெரியாது.

சித்தப்பா தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறார். எட்டு வருடத்துக்கு முன்னால் வண்டியின் டூல்ஸ் பெட்டியில் வைத்து ஒரு குட்டியைக் கொண்டுவந்து, "ரெண்டு நாள் வச்சிரு, ஒருத்தர் வந்து வாங்கிப்பாரு" என்றாராம். அந்த ஒருத்தர் இன்னும் வரவில்லை.

சித்தியின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடை போட்ட முதல் வருடம் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு அளவெடுக்கும்போது, "இடுப்பு நாப்பத்திரெண்டு" என்று சத்தமாகச் சொல்லி எழுதியிருக்கிறாள். கடையில் வேறு நாலு பேர் இருந்தார்கள். அந்த டீச்சர் துணியை வாங்க வரவேயில்லை. அதற்குப் பிறகு தெருவில் எதிர்ப்பட்டால்கூட மறுபக்கம் மாறி நடந்தாள். அன்றிலிருந்து சித்தி சொல்லும் அளவு வேறு, வெட்டும் அளவு வேறு. நாற்பத்திரண்டை நாற்பது என்று வாயால் சொல்லுவாள். நோட்டிலும் நாற்பது என்றே எழுதி, கீழே இரண்டு புள்ளி வைப்பாள். ஒரு புள்ளிக்கு ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும். துணி கச்சிதமாக உட்காரும். கேட்டவரின் மனதும் நோகாது. எங்கள் தெருவில் இருபது வருடமாக யாருக்கும் இடுப்பு பெருக்கவில்லை என்றால் அதற்கு நடைப்பயிற்சி காரணமில்லை, என் சித்திதான் காரணம்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மேனேஜர் ஒருநாள் மாடிப்படியில் பாதி ஏறி, நின்று, பின்னங்காலைத் தூக்கிக்கொண்டான். முட்டியில் ஒரு நார் அறுந்துவிட்டது என்றார் கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா. அறுவை சிகிச்சை செய்து சரிப்படுத்தலாம். ஆனால் தராசு முப்பத்தெட்டு கிலோ நானூறு கிராம் காட்டியது.

"முப்பத்திநாலுக்குக் கீழ கொண்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். "இந்த உடம்புக்கு மயக்க மருந்து குடுக்க எனக்கே பயமா இருக்கு. குடுத்துத் தைச்சாலும் இந்தக் கனத்த அந்தக் கால் தாங்காது. அப்படியே விட்டீங்கன்னா இன்னொரு காலும் போயிடும்."

இரண்டு பின்னங்காலும் போனால் என்ன ஆகும் என்று சித்தி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் மெத்தையைக் கீழே இறக்கி, வெட்டு மேசைக்கும் பட்டன் அலமாரிக்கும் இடையில் விரித்தாள். பதினாலு படி அவனால் ஏற முடியாது என்றால் இவள் இறங்கிவிடுவாள். காலையில் எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

எந்த உணவு கொடுப்பது என்பதை முடிவு செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. நான் ஓர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். உயரம், எடை என்ற இரண்டு கட்டங்களைப் பார்த்ததுமே ஆள் பொய் சொல்கிறாரா என்று சொல்லிவிடுவேன். சரியாக எழுபது கிலோ என்று எழுதுகிறவர் யாரும் எழுபது கிலோ இல்லை. அந்தத் திமிரோடு செல்லப்பிராணிகள் கடைக்குப் போனேன். விற்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்கக் கூச்சப்பட்டு முக்கால் மணி நேரம் பைகளின் முதுகைப் படித்தேன். ஒரு பையில் நாய் ஓடுகிற படம். உள்ளே கொழுப்பு அதிகம். இன்னொன்றில் கொழுப்பு குறைவு, ஆனால் புரதமும் குறைவு. அதைத் தின்றால் கொழுப்புக்குப் பதில் சதை கரையும். மூன்றாவதில் கொழுப்பு குறைவு, புரதம் கூடுதல், வயிறு நிறைய நார்ச்சத்து. அதைத் தூக்கிக்கொண்டு வந்து, சித்திக்கும் காஜா அக்காவுக்கும் இருபது நிமிடம் விளக்கினேன்.

"அவன் சாப்பிடுவானா?" என்றாள் சித்தி.

"இவ்வளவு நேரம் பேசினியே, அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள் காஜா அக்கா.

மாதம் ஒருமுறை எடை பார்க்க வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. டேப் கையில் இருக்கும்போது அவ்வளவு தூரம் அவனைத் தூக்கிப்போய் எடை போடுவானேன் என்றாள் சித்தி. நான் உடனே ஒப்புக்கொண்டேன். மருத்துவமனைக்குப் போனில் பேசி நேரம் வாங்க வேண்டியது நான் என்பது ஒரு காரணம். வேறு காரணம் எதுவும் நினைவில்லை.

ஞாயிறுதோறும் சித்தி குனிந்து மேனேஜரின் வயிற்றைச் சுற்றி டேப்பைப் போட்டு எண்ணைச் சொல்வாள். நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவேன். முப்பத்திநாலு. முப்பத்திமூணே முக்கால். முப்பத்திமூணு. எட்டாவது வாரம் முப்பத்தியொன்று வந்தது. எண்களைக் கோட்டால் இணைத்து ஒரு வரைபடம் போட்டேன். அந்தக் கோடு அழகாக இறங்கியது; அலுவலகத்தில் அதைக் கைபேசியில் இரண்டு பேருக்குக் காட்டினேன். மேனேஜர் என் கண்ணுக்கு மெலிந்தும் தெரிந்தான். பக்கவாட்டில் லேசாக விலா எலும்பு தெரிவதாகக்கூடச் சொன்னேன். காஜா அக்கா ஊசியை எடுத்துவிட்டு, "எங்க?" என்று கேட்டாள். நான் காட்டினேன். அது அவன் படுத்திருந்ததில் விழுந்த மடிப்பு.

மருத்துவமனைக்குப் போகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் இருக்கிறது, அடுத்த வாரம் போகலாம் என்றாள் சித்தி. ஒன்பதாவது வாரம் நானே விடுப்புப் போட்டு ஆட்டோவையும் அழைத்துவிட்டேன். மேனேஜரைத் தராசில் ஏற்றினோம். சித்தி கதவோரமாக நின்றுகொண்டாள்.

முப்பத்தெட்டு கிலோ தொள்ளாயிரம்.

தராசு பழுது என்றேன். டாக்டரம்மா என்னையே ஏறச் சொன்னார். ஏறினேன். தராசு பழுதில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடுக்கறீங்க?"

பையில் முப்பத்தெட்டு கிலோவுக்கு என்ன போட்டிருக்கிறதோ அவ்வளவு, இரண்டு டம்ளர் என்றேன் பெருமையாக. நாய் இருக்கிற எடைக்குப் பார்க்கக் கூடாதாம், இருக்க வேண்டிய எடைக்குப் பார்க்க வேண்டுமாம். டம்ளர் என்பது அளவே இல்லையாம். முக்கால் மணி நேரம் படித்தவன் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

"சரி. இது தவிர அவன் வாய்க்குள்ள என்னென்ன போகுது? எல்லாத்தையும் சொல்லுங்க."

சித்தி முதலில் சொன்னாள்: காலையில் ரொட்டி ஓரம், அதுவும் சும்மா இரண்டு. காஜா அக்கா தன் டிபன் டப்பாவைக் கழுவும் முன் அவனிடம் நீட்டுவது. துணி வாங்க வருகிறவர்கள் மேனேஜருக்கென்று கொண்டுவருவது. பிறகு சித்தியும் டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தார்கள்.

"பிஸ்கட்" என்றேன்.

"எத்தன?"

"நாலு. நீளமா இருந்தா ஆறு."

"எது நீளமா இருந்தா?"

வேறு வழியில்லை. மாலையில் வேலை விட்டு வந்ததும் நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, வாங்கி வைத்திருக்கும் புதுக்கவிதைப் புத்தகங்களிலிருந்து அவனுக்கு வாசித்துக் காட்டுவதுண்டு. மனிதர்கள் யாருக்கும் வாசித்துக் காட்டும் தைரியம் எனக்கு இல்லை. பிஸ்கட் இல்லாவிட்டால் அவன் நகர்ந்துவிடுவான். "கவிதை" என்றேன். டாக்டரம்மா அதையும் அட்டையில் குறித்துக்கொண்டார். எப்படிக் குறித்தார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஒன்று புரியவில்லை. எடை ஏறியிருக்கிறது, வயிறு மூன்று அங்குலம் எப்படிக் குறைந்தது? சித்தி மெஷினில் உட்கார்ந்து, தைக்காமல் இருந்தாள். பிறகு அளவு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். "மேனேஜர்" என்று தலைப்பு. அதன் கீழே எட்டு எண்கள், நான் காலண்டரில் எழுதிய அதே எட்டு. முதல் எண்ணுக்குக் கீழே எதுவும் இல்லை. மூன்றாவதின் கீழே ஒரு புள்ளி. முப்பத்தியொன்றின் கீழே எறும்பு வரிசைபோல நாலு புள்ளி.

நான் கூட்டினேன். முப்பத்தைந்து. ஓர் அங்குலம் ஏறியிருந்தது.

"எனக்கு எதுக்கு சித்தி குறைச்சுச் சொன்னீங்க? நான் என்ன துணி தைக்கவா வந்தேன்?"

"ரெண்டாவது வாரம் அளந்தேன்டா. ஒரு நூல்கூட குறையல. நிமிந்தா, நீ பேனாவத் தூக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கற. ஒவ்வொரு பையாப் படிச்சுப் பாத்து வாங்கிட்டு வந்த புள்ள. வாயில கால் குறைஞ்சு வந்துருச்சு. அடுத்த வாரம் நிஜமாவே குறையும், ஈடு கட்டிரலாம்னு நெனச்சேன்." நோட்டை மூடினாள். "துணின்னா புள்ளிய வச்சு வெட்டிடலாம். இவனுக்கு எத வெட்ட?"

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் தினமும் இருபது பேரின் எடைப் பொய்யைப் பிடிக்கிறவன், எட்டு வாரம் தன் கையாலேயே ஒரு பொய்யை எழுதி, அதற்குக் கோடும் போட்டு, ஊருக்கும் காட்டியிருக்கிறேன். அதோடு என் பிஸ்கட்டை நானும் எங்கேயும் எழுதவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த நாயின் முட்டி மாட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினோம். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தபடி ஒரு நாளைக்கு இருநூற்று எழுபது கிராம், காலையில் பாதி, மாலையில் பாதி. காஜா அக்கா டப்பாவைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள் என்று தீர்மானம். பிஸ்கட்டுக்குப் பதில் உப்புப் போடாமல் வேகவைத்த பீன்ஸ், எண்ணிப் பத்துத் துண்டு. முதல் நாள் மாலை நான் வழக்கம்போல் வாசிக்க ஆரம்பித்து, முதல் துண்டைக் கொடுத்தேன். மேனேஜர் அதை வாயில் வாங்கி, யோசித்து, என் செருப்பின் மேல் வைத்துவிட்டு, மூன்றாவது வரியில் எழுந்து போனான். நவீனக் கவிதைக்கு வாசகர்கள் இல்லை என்று பேசிக்கொள்வதை நான் அதுவரை நம்பாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அளவுகளைச் சித்தி இப்போது உள்ளபடியே சொன்னாள். அப்படிச் சொல்ல அவளுக்கு வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லுவாள். ஒரு ஞாயிறு அவசரத் துணி வாங்க வந்திருந்த வங்கிக்காரம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்திநாலே முக்கால்" என்றாள் சித்தி.

"ஐயோ பாவம், வாயில்லா ஜீவன். கொஞ்சம் குறைச்சுத்தான் சொல்லக் கூடாதா?" என்றார் வங்கிக்காரம்மா. பிறகு ஏதோ யோசித்தவர்போல் சித்தியைப் பார்த்தார். "ஆமா, என் அளவு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

சித்தி நாலு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவர் போகும்வரை எடுக்கவில்லை.

முதல் மூன்று வாரம் எதுவும் அசையவில்லை. ஆறாவது வாரம் முப்பத்திமூன்று வந்தது. இந்த முறை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கும் போனோம். போனில் நேரம் வாங்கியது நான்தான், பேச வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துப் பேசினேன். எடை முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று இறங்கியது. பத்தாவது வாரம் ஒரு கிராம்கூட இறங்காமல் நின்றது. சித்தி அன்று வீட்டுக்கு வந்து, என்னையும் காஜா அக்காவையும் நிற்க வைத்து, யார் கொடுத்தது என்று கேட்டாள். யாரும் கொடுக்கவில்லை. கடைசியில் அவளே, ஒரு ரொட்டி ஓரம், அதுவும் போன செவ்வாய்க்கிழமை என்றாள்.

பதினாலாவது வாரம் தராசில் ஏற்றினோம். மேனேஜர் இப்போது தானே ஏறி உட்காருவான். டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"முப்பத்திமூணு எண்ணூறு. நல்லா இருக்கு. தேதி குறிச்சுடலாமா?"

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. சந்தேகம் இருந்தது.

"டாக்டர், எனக்காகச் சொல்லாதீங்க" என்றாள். "நான் சங்கடப்படுவேன்னு குறைச்சுச் சொன்னீங்கன்னா, அங்க மேசை மேல படுக்கப்போறது அவன்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருபத்திரண்டு வருட அளவு நோட்டை அவருக்கு அந்த இடத்தில் நான் எப்படி விளக்குவேன்? தராசின் எண் தெரிகிற பக்கத்தை மட்டும் சித்தியை நோக்கித் திருப்பி வைத்தேன். சித்தி மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மேனேஜரை இறங்கச் சொல்லி, எண் பூஜ்யத்துக்கு வருவதைப் பார்த்தாள். மறுபடி ஏறச் சொன்னாள். அவன் ஏறி உட்கார்ந்து வாலை ஒரு தட்டுத் தட்டியதில் எண் துள்ளியது. சித்தி வாலைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்திமூன்று எண்ணூறு.

"புதன்கிழமை காலையில வரலாமா?" என்றாள்.

"வரலாம். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல அவனுக்கு எதுவும் குடுக்கக் கூடாது."

"எதுவும்னா?"

"எதுவும்."

சித்தி தலையாட்டிக்கொண்டாள். ஆட்டோவில் ஏறியதும், செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ கீழே வந்து படு, நான் மேலே போய்விடுகிறேன் என்றாள். என்னை நம்பி அவனை விடுகிறாளே என்று ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. அவளுக்குத் தன்மேல்தான் நம்பிக்கை இல்லை என்பது அடுத்த சிக்னலில் புரிந்தது.