கட்டங்களாகிப் போன பெயர்கள்

தவறு என்னுடையது என்பதால் இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். மலேசியாவில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் உபயக்காரர் பட்டியலைப் புதிய கணினிக்கு மாற்றினேன். தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாகிவிட்டன. மறுநாள் திருவிழாவில் அந்தப் பெயர்களை வாசித்தாக வேண்டும். பக்கத்து நகரமான பீடோங்கில் கணினிக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணனிடம் ஓடினேன். அவர் பழைய எழுத்துருவைத் தேடிப் போட்டு, மீண்டு வந்த ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்தார். நான்கு பெயர்கள் மட்டும் சிதைந்தே கிடந்தன.

“அதை விட்டுடுங்கண்ணே, நேரமாச்சு லா.”

“விட்டுட்டா, நாளைக்கு சாமி முன்னால அந்தக் குடும்பங்க காத்துக்கிட்டு நிக்குமே தம்பி! புதுக் கணினி வாங்கத் தெரிஞ்ச உனக்கு, கோயில் தலைவருக்குப் போன் போடத் தெரியாதா?”

தலைவரிடம் கேட்டு அந்த நான்கையும் சேர்த்தோம். மறுநாள் ஒரு பெயரும் விடுபடவில்லை. எல்லாம் அம்மன் அருள். அந்த அண்ணனுக்காக அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். பூசாரி பெயர் கேட்டபோதுதான், அதை நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.

இதைப் பிறரிடம் சொல்பவர்கள் என் தவறையும் மறைக்காமல், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள்.