செந்தமிழ்ச்செல்வி சிஸ்டர் வாங்கிய சத்தியம்

செந்தமிழ்ச்செல்வி சிஸ்டர் பாகூர் பக்கத்துப் பெண். அப்பா கரும்பு போட்டவர். பெரிய ஆஸ்பத்திரி வார்டில் பதினாலு வருஷம் வேலை பார்த்து, மேல்படிப்பும் முடித்துவிட்டுத்தான் சாரம் பகுதியில் இருக்கும் டாக்டர் விஜயராகவன் கிளினிக்குக்கு வந்தார். நான் அங்கே கூட்டிப் பெருக்கி டோக்கன் கொடுக்கிறவள்.

டாக்டர் அவருக்குத் தனி ரூம் கொடுத்தார். சுகர், பிரஷர் என்று மாசாமாசம் வருகிறவர்களை சிஸ்டரே பார்க்கலாம். டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. அதில் உள்ளபடி மாத்திரையைக் கூட்டலாம், குறைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் யாரையும் கேட்காமல் எந்த மருந்தை ஏற்றலாம் என்றும் அதில் இருந்தது.

டாக்டருக்கு வெள்ளை டோக்கன், சிஸ்டருக்குப் பச்சை. பச்சையை நீட்டினால் கையை இழுத்துக்கொள்வார்கள். "ஊசி போடற பொண்ணுகிட்ட போயி என்னாத்த சொல்றது?" முதல் மாசம் சிஸ்டர் ரூம் பெஞ்சில் பூனைதான் படுத்திருந்தது.

பச்சையை முதலில் வாங்கியவர் வீராம்பட்டினம் கொளஞ்சியம்மா. "யாரு பாத்தா என்னா, எனக்கு வியாபாரத்துக்குப் போவணும்" என்று மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். சிஸ்டர் கால் விரல் இடுக்குவரை பார்த்தார். பேசப் பேசத்தான் தெரிந்தது, வாரத்தில் மூன்று நாள்தான் மாத்திரை போடுகிறார் என்று.

"உங்க அம்மன் மேல சத்தியம் பண்ணுங்க, ஒரு நாளும் விடமாட்டேன்னு."

"அது பெரிய சத்தியம், தாயி."

"அதனாலதான் கேக்குறேன்."

கொளஞ்சியம்மா கொஞ்சம் யோசித்து, சிஸ்டர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். மூன்று மாசத்தில் சர்க்கரை இறங்கியது. அவர் பேச்சைக் கேட்டுப் பச்சை டோக்கனுக்கு ஆள் வர ஆரம்பித்தது. சிஸ்டரும் பிடிவாதக்காரர்களிடமெல்லாம் சத்தியம் வாங்கினார். பக்கத்தில் நின்று "பண்ணும்மா, நல்லதுதானே" என்று சொன்னவள் நான்தான். சாமி பேரால் நல்லது நடக்கிறதே என்று எனக்குப் பெருமை.

போன வருஷம் ஆடி அஞ்சாம் வெள்ளி, வீராம்பட்டினத்துத் தேர். டாக்டர் சென்னைக்குப் போயிருந்தார். பதினோரு மணி வாக்கில் கொளஞ்சியம்மாவின் மருமகள் கமலவேணி எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, எங்க அத்தைக்கு சாமி வந்திருக்கு! இத்தினி வருஷத்துல மொத தடவ. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது, நடுங்குறாங்க, வாய் கொழறுது. குறி கேக்க ஜனம் நிக்குது."

நான் போனோடு கையெடுத்துக் கும்பிட்டேன். ரூமுக்குள் போய் சிஸ்டரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. போனைப் பிடுங்கினார்.

"காலையில சாப்பிட்டாங்களா?"

"விரதம் சிஸ்டர். தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் தண்ணிதான்."

"மாத்திரை?"

"அத விடுவாங்களா? உங்ககிட்ட சத்தியமில்ல பண்ணியிருக்காங்க!"

"கமலவேணி, அது வெறும் வயித்துல மாத்திரை போட்டு சுகர் இறங்கறது. உடனே சர்க்கரையை எடுத்துக் கன்னத்துக்குள்ள தடவு."

"சாமி வந்தவங்க வாயிலயா? சின்ன மாமா அடிப்பாரு..." அதற்குமேல் மேளச் சத்தம்தான் கேட்டது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை. டாக்டர் போனும் கிடைக்கவில்லை.

ஆட்டோவில் சிஸ்டர் மருந்துப் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முன்னெல்லாம் விரதத்தன்னிக்கு மாத்திரையையும் சேர்த்து விட்டுருப்பாங்க, அக்கா. நான்தான் விடாம பண்ணிட்டேன்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மனைக் கும்பிடக் கையெடுத்தேன், இறக்கிக்கொண்டேன். எந்தத் தாயைக் கூப்பிடுவது? அவள் பேரைச் சொல்லித்தானே இந்த வினை வந்தது.

தேருக்காக வண்டியை வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இறங்கி ஓடினோம். ஒரு பந்தலுக்குள் கொளஞ்சியம்மாவைச் சுற்றிக் கூட்டம். கழுத்தில் வேப்பிலை மாலை. ஆட்டம் நின்று, தலை தொங்கிப்போயிருந்தது. "சாமி மலையேறிடுச்சு" என்று ஒருத்தர் கற்பூரத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்" என்று சிஸ்டர் உள்ளே நுழைந்தார். கொளஞ்சியம்மாவின் கொழுந்தனார் கலியபெருமாள் குறுக்கே கையை நீட்டினார்.

"யாரும்மா நீ, டாக்டரா?"

"நர்சு."

"அப்ப டாக்டரக் கூட்டியா. சாமி வந்த ஒடம்புல நர்சு ஊசி குத்தி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

சிஸ்டர் அந்தக் கைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, கொளஞ்சியம்மா விரலில் குத்தி மெஷினில் வைத்தார். முப்பத்தாறு. அந்த எண் எனக்குப் புரியவில்லை, அவர் மூச்சு நின்றது புரிந்தது.

"ஐயா, சத்தியம் வாங்கின பாவி நான். அம்மன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். இன்னும் நேரம் போனா இவங்க எழுந்திருக்க மாட்டாங்க."

கமலவேணி மாமனின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, சிஸ்டர் நரம்பைத் தேடினார். முதல் தடவை ஊசி நழுவியது. கூட்டத்தில் யாரோ "தெரியாதவ கையில குடுத்துட்டாங்களே" என்றார்கள். இரண்டாவது தடவை ஏறியது. குளுக்கோஸை மெதுவாகச் செலுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எதுக்குடி எல்லாம் என்னையே பாக்குறீங்க?" கொளஞ்சியம்மாவின் குரல்! "தேரு நிலைக்கு வந்துடுச்சா?"

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்ன பிறகே சிஸ்டர் வெளியே வந்தார். வந்தவர் படியில் அப்படியே நின்றார். "அக்கா, இன்னும் யார் யார்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்?"

இரண்டு பேரும் யோசித்துப் பத்துப் பேரைக் கண்டுபிடித்தோம். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "விரதம்னா மொதல்ல எனக்குச் சொல்லுங்க, அந்தச் சத்தியம் வேணாம்" என்றார். ஒன்பது பேர் எடுத்தார்கள். உப்பளம் பகுதியில் தனியாக இருக்கும் மார்கரீத் அம்மா எடுக்கவில்லை. மாதா திருநாளுக்கு முன்னால் அவர் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆறு தடவை போன் அடித்து ஓய்ந்தது.

ஆட்டோ பிடித்துப் போய் அவர் வீட்டுக் கதவை சிஸ்டர் இரண்டு கையாலும் தட்டினார். வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. மார்கரீத் அம்மா ரொட்டியை மென்றுகொண்டே நின்றார்.

"சத்தியமா? அத அன்னிக்கே மறந்துட்டேனே, மா."

"அப்ப மாத்திரை?"

"அதையுந்தான்."

சிஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மார்கரீத் அம்மா பயந்துபோய், "நாளையிலேர்ந்து போட்டுடறேன், மா, அழாதே" என்று அவர் தலையில் கை வைத்தார்.

இப்போது பச்சை டோக்கன் வாங்கி உள்ளே போகிறவர்களிடம் சிஸ்டர் முதலில் கேட்பது சர்க்கரை அளவை அல்ல, அடுத்த விரதம் எந்தத் தேதி என்றுதான். வெள்ளிக்கிழமை என் போன் அடித்தால் மட்டும், நான் எடுத்துப் பேசி முடிக்கிற வரைக்கும் அவர் பேனா நகராது.