பின்சீட்டில் நடத்திய குடும்பம்

அத்தாவின் டாக்ஸியில் ஏறியதும் முதலில் வருவது யார் யாரோ பூசிவிட்டுப் போன அத்தரின் வாசனையும், அதற்கு அடியில் வெயிலில் வெந்த சீட்டின் வாடையும்தான். பின்சீட்டில் அம்மா, மடியில் தம்பி, ஜன்னலோரம் நான். முன்னால் அத்தாவின் பிடரி, கண்ணாடியில் அவருடைய இரண்டு கண்கள். என் தகப்பனான அவருடைய முகத்தைவிட அந்தக் கண்ணாடிக் கண்களைத்தான் நான் அதிகம் பார்த்து வளர்ந்தேன்.

துபாயில் அல் குசைஸில் ஒரு பழைய கட்டடம்; இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்ட ஃபிளாட்டில் எங்களுக்கு ஒரு ரூம். ஒரே வண்டியை அத்தாவும் ஒரு பட்டாணியரும் ஆளுக்குப் பாதி நாளாக ஓட்டினார்கள். நாங்கள் எழுந்திருக்கும் முன்பே அத்தா 'டூட்டி'க்குப் போயிருப்பார்; சாயங்காலம் வந்து, சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவார். தூக்கத்திலும் வலது கால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். விழித்திருக்கும் கொஞ்ச நேரமும் 'யல்லா, யல்லா' என்று எங்களையும் தன்னையும் விரட்டிக்கொண்டிருப்பார். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத மனிதர், பிழைப்புக்கென்று நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தார்.

இப்படிப்பட்டவரோடு அம்மா எப்போது பேசுவாள்? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பேச வேண்டியது சேர்ந்துவிட்டால், விடுமுறை நாளாகப் பார்த்து, வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் கேட்டுக்கொண்டு, எங்களையும் இழுத்துக்கொண்டு போய் ரோட்டோரம் நின்று கை காட்டுவாள். சீட்டில் ஆள் உட்கார்ந்தால் வண்டியே ஆபீஸுக்குச் சொல்லிவிடும். சொந்தப் பெண்டாட்டியானாலும் மீட்டர் போட்டாக வேண்டும். அத்தா மீட்டரைப் போட்டுவிட்டு, "எங்க போகணும் மேடம்?" என்பார். அம்மா முகத்தை இறுக்கிக்கொண்டு, "கராமாவுக்கு விடுங்க பாய்" என்பாள். கராமா போய்ச் சேர்வதற்குள், தம்பிக்கு எப்போது சுன்னத் வைப்பது, ஊரில் சின்னத்தா மகள் கல்யாணத்துக்கு யார் போவது, நான் கணக்கில் ஃபெயிலானதற்கு யார் காரணம் என்று எல்லாம் பேசி முடித்துவிட வேண்டும். கராமா வந்தால் 'கலாஸ்', பேச்சு முடிந்தது. இறங்கி, பஸ் பிடித்து வீடு திரும்புவோம்.

எங்கள் நிம்மதியைக் கெடுத்தது ஒரு மார்ச் மாதம். முழுப் பரீட்சை முடிந்து, புது வகுப்பு தொடங்காத இடைவெளி. அத்தாவோடு ஓட்டியவர்கள் எல்லாரும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு கம்பெனியின் கேம்ப் விடுதியில் இருந்தார்கள். ரூம் வாடகை, எங்கள் விசா, என் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தவர் அத்தா மட்டும்தான். அந்த வருஷம் அவரால் முடியவில்லை. அதை வீட்டில் வைத்துச் சொல்லவும் முடியவில்லை. அம்மா அழுதால் பக்கத்து ரூமுக்குக் கேட்கும். அதனால் கராமா போகும் வழியில், கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"அடுத்த மாசம் மூணு பேரும் ஊருக்குப் போயிருங்க. நான் கேம்ப்புல இருந்துக்கிறேன்."

அத்தாவை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பெட்டியோடு வந்து பெட்டியோடு போகிற ஆளாகப் பார்க்கும் பிள்ளைகளை ஊரில் எனக்குத் தெரியும். நானும் அப்படி ஆகப்போகிறேன் என்று நினைத்தபோது, ஓடுகிற காரின் கதவைத் திறந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

அம்மா அழவில்லை. "கராமா வேணாம் பாய். முவைலாவுக்கு விடுங்க" என்றாள்.

"ஷார்ஜாவுக்கா? அங்க யாரு இருக்கா?"

"பாசஞ்சர் சொன்ன எடத்துக்கு வரமாட்டேன்னு சொல்லலாமா? ஃபைன் போட மாட்டாங்க?"

அத்தா வண்டியைத் திருப்பினார். முவைலாவில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நிறுத்தச் சொன்னாள் அம்மா. பஸ்ஸில் சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்க அங்கே பெண்கள் தேவை என்றும், வேலை செய்கிறவர் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு என்றும் அவள் எப்போதோ விசாரித்து வைத்திருக்கிறாள். அந்த விடுமுறைக்குள் ஒருநாள் நேரில் வரும்படி அவர்களும் சொல்லியிருந்தார்கள். அத்தாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

"இது ஷார்ஜா. மீட்டர நிறுத்துனா துபாய் வண்டியில இங்கேருந்து உங்கள ஏத்தக் கூடாது. காலியாத்தான் திரும்பணும்" என்றார் அத்தா.

"அப்ப நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தா இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார், ஏறினார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி இறங்கினார். தம்பி தூங்கிப்போனான். கடைசியில் உள்ளே வந்து உட்கார்ந்தவர், கண்ணாடியை விட்டுவிட்டு உடம்பையே திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஊருக்குப் போறதுக்கு உனக்கு இஷ்டமாம்மா?"

"இல்லத்தா."

"எனக்கும் இல்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நடுவில் சீட் இருந்தது.

அம்மா திரும்பி வந்து, "திங்கக்கெழமைலேருந்து எனக்கும் டூட்டி" என்றாள். அத்தா கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு, "பெல்ட்டப் போடு" என்றார்.

நாங்கள் ஊருக்குப் போகவில்லை. முவைலாவிலேயே ரூம் பிடித்தோம். அம்மா பஸ்ஸிலும் அத்தா டாக்ஸியிலுமாக ஓடி ஓடி எங்களை வளர்த்தார்கள். நான் வேலைக்குப் போய்ச் சில வருஷங்களில் அத்தாவுக்குக் கண் மங்கியது. கம்பெனி விசாவை முடித்துக்கொண்டது. தம்பி கல்லூரியில் இருந்ததால் அம்மா வேலையை விட முடியவில்லை. நாங்கள் யாருமே எதிர்பார்க்காதபடி, பெட்டியோடு தனியாக ஊருக்குப் போனவர் அத்தாதான். தினமும் போன் செய்து அம்மாவிடம், "டூட்டி முடிஞ்சுதா?" என்று கேட்பார். "இன்னும் கொஞ்ச நாள்தான், வந்துருவேன்" என்பாள் அவள்.

இந்த வருஷம் ஒரு மதியம் அத்தா மவுத்தானார். சேதி வந்தபோது அம்மா பஸ்ஸில் இருந்தாள். போன் பைக்குள் இருந்தது. கடைசிப் பிள்ளையையும் அதன் தாயிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தாள். நாங்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

இப்போது இங்கே டாக்ஸியை போனிலேயே கூப்பிட்டுவிடுகிறோம். போகுமிடம் ஓட்டுநருக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. ஏறி, இறங்கும்வரை யாரும் யாரோடும் பேசுவதில்லை. கணவனும் மனைவியும் அந்நியர்போல ஏறி இறங்கி ஒரு குடும்பம் நடத்தியதைச் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள்.

அம்மா ஊரில் இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் அந்த மாதங்களை, அத்தா தனியாக இருந்த அதே வீட்டில் கழிக்கிறாள். நேற்று போனில் சொன்னாள்:

"இந்த வீட்டுல உங்கத்தா எந்த எடத்துல உக்காருவாருன்னுகூட எனக்குத் தெரியலம்மா. பக்கத்து வீட்டுல கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."