அச்சு முறுக்கும் பதினெட்டாம் மாலையும்

கார்த்திகை பிறந்துவிட்டால் ஒரகடம் பக்கத்தில் எங்கள் வடக்குப்பட்டு பஸ் நிறுத்தத்தில் ஒரு காட்சி பார்க்கலாம். காலை ஷிப்டுக்குப் போகிற ஆண்களில் பாதிப் பேர் வெறுங்காலோடு நிற்பார்கள். நெற்றியில் சந்தனம், யூனிஃபார்ம் சட்டைக்கு மேல் துளசி மாலை, கையில் கம்பெனி கொடுத்த கனத்த சேஃப்டி ஷூ. கம்பெனி வாசலில் இறங்கியதும் அந்த ஷூவை மாட்டிக்கொள்வார்கள். மாலை போடுகிறவர்கள் குமரி மாவட்டத்தில் நம் ஊரிலும் ஏராளம். ஆனால் செருப்பைத் துறந்தவர் ஷூவைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவதை ஒரகடத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். குலசேகரத்தில் இருக்கிற உங்களுக்கு இதை எழுத வேண்டும் என்று முதல் வருஷமே நினைத்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால் வேறு ஒரு கதைதான் முந்திக்கொண்டு வருகிறது.

நாங்கள் இருப்பது தேவராஜ் அண்ணன் வீட்டின் பின்கட்டில். ஒரு கம்பெனி பஸ்ஸை அவர் ஓட்டுகிறார். அவருடைய மனைவி கஸ்தூரி அக்கா இரண்டு மாடு வைத்திருக்கிறார். இந்த வருஷம் அண்ணனுக்குப் பதினெட்டாவது மாலை. பதினெட்டாம் வருஷம் மலைக்குப் போகிறவர் ஒரு தென்னங்கன்றைக் கொண்டு போவார். அதற்காகவே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாலை போட்ட நாளிலிருந்து அவர் என் மகள் ஷைனியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாலை போட்டவர்கள் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற பெயர்தான். "மாளிகைப்புறம், தண்ணி ரொம்பிடுச்சி பாரு, மோட்டார நிறுத்து" என்பார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற அவளுக்கு அந்தப் பெயரில் ஏகப் பெருமை.

டிசம்பரில் ஷைனி கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கேட்டாள். கடையில் விளக்கோடு விற்கிறது. அவளுக்கு நான் செய்த நட்சத்திரம்தான் வேண்டும். சின்ன வயதில் எனக்கு அந்த வேலைதான் கொடுப்பார்கள். அம்மாவும் சித்திகளும் அடுக்களையில் பண்டம் சுட்டுக்கொண்டிருப்பார்கள். நான் முற்றத்தில் மூங்கில் சீவி, மைதாப் பசை காய்ச்சி, வண்ணத்தாள் ஒட்டுவேன். ரப்பர்த் தோட்டத்துக்குள் போய்க் குடிலுக்குப் பாசி பெயர்த்து வருவேன். அடுக்களைப் புகைக்குள் நான் போனதில்லை. உடைந்த முறுக்கு முற்றத்துக்கே வந்துவிடும். அந்தக் கைப்பழக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நட்சத்திரம் கட்ட உட்கார்ந்தேன். முனைகள் சேரவில்லை. பஸ் துடைத்துக்கொண்டிருந்த தேவராஜ் அண்ணன் கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கட்டுக்கம்பியால் ஐந்து முனையையும் முறுக்கிக் கொடுத்தார். மாமரத்தில் ஏறிக் கட்டியதும் அவர்தான். குடிலுக்கு வைக்கோல் கஸ்தூரி அக்கா தந்தார். அன்று சாயங்காலம் இந்த ஊர் என்னுடையதுதான் என்று எனக்குத் தோன்றியது.

கிறிஸ்துமஸுக்கு என் கணவரின் அக்கா ஸ்டெல்லா மைனி ஊரிலிருந்து வந்தார். பையில் அச்சு இருந்தது, பூப்போன்ற இரும்பு அச்சு. நான் கம்பெனியில் ஷிப்டில் இருந்த நேரத்தில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டு டப்பாக்களில் நிரப்பிவிட்டார். நான் வந்து, வாசர் கழற்றிய குக்கரில் மணல் பரப்பி, சீனியைக் கருக்கி மாவில் ஊற்றி, கேக் வேகவைத்தேன். கேக்கில் முட்டை இருக்கிறது. ஆகவே அது சாமி வீட்டுக்கு ஆகாது. இவ்வளவு யோசித்துத்தான் தட்டில் கேக் வைக்காமல், அச்சு முறுக்கும் கொத்தும் வாழைப்பழமும் மட்டும் அடுக்கினேன். என் விவரத்தை நானே மெச்சிக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன்.

கஸ்தூரி அக்கா தட்டை வாங்குமுன் கேட்டார்: "சாமி சாப்புடலாமா? கவுச்சி எதுனா கீதா இதுல?"

"கேக்குலதான் முட்டை அக்கா. அத நான் கொண்டுவரல்ல. இது எங்க ஊரு பண்டம், சுத்தமா அரிசிமாவும் தேங்காப்பாலும்" என்றேன்.

தேவராஜ் அண்ணன் அங்கேயே ஒன்றை எடுத்துக் கடித்தார். "இன்னா மொறுமொறுன்னு கீது!" என்று இரண்டாவதையும் எடுத்தார். நான் ஏதோ விருது வாங்கியவள் மாதிரி திரும்பி வந்தேன்.

வந்து மைனியிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடியே, முட்டை ஒடைச்சு ஊத்தாம அச்சு முறுக்கு அச்ச விட்டுக் கழண்டு விழுமா? ஒனக்க அம்மை சொல்லித் தரல்லியா?"

முப்பத்தைந்து வருஷமாக நான் தின்கிற பண்டம். எங்கள் பண்டம் என்று கம்பெனி லைனில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிற பண்டம். அதில் என்ன சேர்கிறது என்று எனக்குத் தெரியாது. அடுத்தவர் விரதத்தைக் காப்பாற்றப் போனவளுக்குத் தன் வீட்டு மாவே தெரியவில்லை.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம் கேட்டியா," என்றார் மைனி. "அறியாம தின்னதுக்குப் பாவமில்ல. சொன்னாத்தான் அவருக்கு நோவு."

அது நியாயமாகத்தான் பட்டது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் முற்றத்தில் "சாமியே சரணம்" என்று தேவராஜ் அண்ணன் குரல் கேட்டதும் இருக்க முடியவில்லை. என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, நானும் வாறேன்" என்றார்.

வாசலில் நின்றே சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கஸ்தூரி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா சொல்ற?" என்றார் அவர். "நான் கேட்டேன்ல? கவுச்சி கீதான்னு வாயத் தொறந்து கேட்டேன்ல? பதினெட்டு வருசமா ஒரு கொறையில்லாம போய்கினு இருந்த மனுசன்மா!"

"எனக்குத் தெரியாது அக்கா."

"உன் வூட்டுல செஞ்சது உனுக்குத் தெரியாதா?"

உள்ளே இருந்த தேவராஜ் அண்ணன் எழுந்து வந்தார். தொட்டியடிக்குப் போய், கட்டிய வேட்டியோடு குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். மார்கழிக் குளிரில் அவர் தோள் நடுங்கியதை என் மகளும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு குருசாமி வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது நான் முதலில் பார்த்தது அவர் கழுத்தைத்தான். மாலை இருந்தது. அறியாமல் நடந்தது, குளித்துச் சரணம் சொல்லிவிட்டு விரதத்தைத் தொடரலாம் என்று குருசாமி சொன்னதாக என் கணவர் கேட்டுவந்து சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் என் தட்டு மதில்மேல் இருந்தது. கழுவிக் கவிழ்த்திருந்தது. பண்டம் கொடுத்த தட்டை வெறுமனே திருப்பமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சிட்டிகை சீனியாவது இருக்கும். இங்கும் அதே வழக்கம்தான். தகரக் கூரை போட்ட எங்கள் சபையில் எல்லோரும் பாடினார்கள். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தேன். வீட்டுக்கு வந்த தோழிகள் அச்சு முறுக்கை எடுத்து, "இதுல இன்னா போடுவீங்க?" என்று கேட்டார்கள். மைனிதான் பதில் சொன்னார். சாமியின் பல் பட்ட அந்த மொறுமொறுப்பு என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஷைனி என்னிடம், "அம்மா, இனி அவங்க என்ன மாளிகைப்புறம்னு கூப்பிடமாட்டாங்களா?" என்றாள். அவளுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. என் வெட்கத்தைக் கொஞ்சம் அவள் தலையிலும் வைத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்கட்டில் இருமுடி கட்டினார்கள். சொந்தபந்தம் நிறைந்திருந்தது. ஒவ்வொருவராகப் போய்ச் சாமியின் முடிப்பையில் மூன்று பிடி அரிசி போட்டார்கள். நான் குளித்துத் தலை துவட்டாமல் பின்கட்டு வாசலில் நின்றேன். எதற்குக் குளித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே போகவும் துணிவில்லை, கதவைச் சாத்திக்கொள்ளவும் மனமில்லை.

கஸ்தூரி அக்கா கூட்டத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னா அங்கயே நின்னுகினு கீற? வந்து அரிசி போடு."

ஷைனி எனக்கு முன்னால் ஓடிவிட்டாள். "வா மாளிகைப்புறம்" என்று தேவராஜ் அண்ணன் குரல் கேட்டது. நான் வரிசையின் கடைசியில் நின்றேன். என் முறை வந்தபோது கை நிறைய அரிசி தந்தார்கள். எல்லோரும் அதைப் போடும்போது சரணம் சொன்னார்கள். என் நாக்கில் முதலில் வந்தது "இயேசுவே." அதை விழுங்கினேன். சரணம் சொல்லலாமா என்று பார்த்தேன்; மன்னிப்புக்குக் கொடுக்கிற கூலி போல இருந்தது. வாயை மூடியபடியே கையைத் திறந்தேன். தேவராஜ் அண்ணன் கண்ணை மூடியிருந்தார்.

அரிசி விழுந்தது. எல்லாம் விழவில்லை. வியர்த்த உள்ளங்கையில் சில மணிகள் ஒட்டிக்கொண்டன. அவற்றை அங்கே தட்டுவதா, என் வீட்டு வாசலில் தட்டுவதா என்று தெரியாமல், கையை மூடிக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றேன்.