ஒரே சட்டியில் ஊறிய நார்

தேனி ரோட்டில் வெகுதூரம் நடந்துவிட்டேன். தோளில் பை, அதில் இரண்டு சட்டை. கல்லூரி ஆய்வகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான். யாரும் போகச் சொல்லவில்லை, நானே கிளம்பிவிட்டேன்.

அங்கே ஒரு பெண் வாழைநாரை ஆராய்ந்தாள். நார் பெரும்பாலும் செல்லுலோஸ், தண்ணீரைக் கண்டால் குடித்து உப்பும் என்பாள். அந்தக் குணத்தை மாற்றத்தான் பாதி நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, அலசி, மூக்கைக் குத்தும் ஏதோ திரவத்தில் சூடாக்கினாள். மறுபாதி அப்படியே. இரண்டையும் உலர்த்தி, எடைபோட்டு, தனித்தனியாக அடையாளச் சீட்டுக் கட்டியிருந்தாள். எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று எட்டு நாளில் மதுரையில் ஒரு இயந்திரத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கே அவளுக்குக் கொடுத்த நாள் தவறினால் அவள் படிப்பு அப்படியே நின்றுவிடும்.

"இழுக்கப்போற நாரு, எடுத்து வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீரபாண்டித் திருவிழாவில் வாழைநாரில் பூக்கட்டியவன் நான். காய்ந்த நாரை இழுத்தால் அறுந்துவிடும் என்று கைக்குத் தெரியும். சீட்டை அவிழ்த்து, இரண்டையும் ஒரே சட்டியில் ஊறப்போட்டு, ஒரே முறுக்காகப் பிழிந்து வைத்தேன். திரும்பி வந்தவள் அவிழ்ந்து கிடந்த சீட்டுகளைப் பொறுக்கி மேசையில் வைத்தாள். திட்டியிருந்தால் இருந்திருப்பேன்.

பின்னால் ஸ்கூட்டி வந்து நின்றது.

"சொல்லாமக் கொள்ளாம எங்கன போறீக?"

"கம்பத்துக்கு, தாயி."

"இது தேனிக்குப் போற ரோடுண்ணே."

டீக்கடையில் உட்காரவைத்து, தன் பையிலிருந்து அந்த முறுக்கை எடுத்துப் பிரித்தாள். சில இழைகள் சொதசொதவென்று இருந்தன. சில அதற்குள் காய்ந்திருந்தன.

"தொட்டுப் பாருங்க. காஞ்சது நா மாத்துனது."

"அப்பப் பிரிச்சிரலாம்ல?"

"பிரிச்சு? 'பூக்கட்டுற அண்ணன் தொட்டுப் பாத்துச் சொன்னாக'ன்னு எழுதவா?"

சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. "மறுபடி மொதல்லருந்து செய்ய ஆறு நாள் வேலைண்ணே. நாளைக்கே வாழைத்தண்டு கிடைச்சாத்தான் முடியும். அதுவும் அதே ரகம்."

மறுநாள் காலை சின்னமனூர்ப் பக்கம் ஒரு வாழைத்தோப்பில் தார் வெட்டும் வேலைக்குப் போனேன். அதே ரகம். கூலியோடு, வெட்டிச் சாய்த்ததில் இரண்டு தண்டு வேண்டும் என்றேன்.

"மாட்டுக்கா?" என்றார் தோட்டக்காரர்.

"ஒரு பிள்ளை படிப்புக்குங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, எடுத்துக்க" என்று அரிவாளைக் கொடுத்தார்.