ம.வே. என்ற இரண்டெழுத்து

கணக்கில் பட்டம் வாங்கியிருந்தேன் என்பதற்காகவே பம்பு மூடி செய்யும் கம்பெனியில் செலவுக் கணக்கு எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். அலுவலகமும் பழைய பட்டறையும் தாம்பரத்தில், புதிய பட்டறை கூடுவாஞ்சேரியில். இரண்டிலும் மாதம் தலா இரண்டாயிரத்து ஐந்நூறு மூடிகள். தாம்பரத்தில் ஒரு மூடிக்கு ஒன்பது ரூபாய் ஆனது, கூடுவாஞ்சேரியில் ஆறுதான்.

"ரெண்டு இடத்துலயும் மொத்தச் செலவு சமமா வரணும். எங்க எத்தனை போடலாம்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்துச் சமன்பாட்டுக்குக் கூட ஒரு வேலை வந்துவிட்டதே! எக்ஸும் ஒய்யும் சேர்ந்தால் ஐயாயிரம். ஒன்பது எக்ஸ் என்பது ஆறு ஒய். தாம்பரத்துக்கு இரண்டாயிரம், கூடுவாஞ்சேரிக்கு மூவாயிரம். பெரிய மேதாவி போல விடைக்குக் கீழே இரட்டைக் கோடு வேறு போட்டேன்.

தாம்பரத்தில் ஐந்நூறு மூடி குறைந்தால் ஆளும் குறைய வேண்டுமே. வேலை அட்டையில் 'ம.வே.' என்று அதிக மணி நேரம் காட்டியிருந்த மூன்று பேரை நிறுத்தினார்கள். அதில் ஒருவர் மாடம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் ஃபிட்டர், அரம் பிடித்தே விரல் கோணிப்போனவர். அந்த எழுத்துகளை நான் 'மற்ற வேலை' என்று படித்துத் தாம்பரத்துச் செலவில் ஏற்றி வந்தேன். பெருக்குவது, டீ வாங்குவது மாதிரி ஏதோ என்று நினைப்பு. யாரையும் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவு திமிர்.

கடைசிச் சம்பளம் வாங்க வந்தபோதுதான் அவரிடம் கேட்டேன். "அப்படி என்னண்ணா மத்த வேலை?"

"மத்த வேலையா? மறு வேலைமா அது. கூடுவாஞ்சேரி மூடிங்கோ பிசிறோட வந்துகினே கீது. நாங்க மூணு பேருந்தான் தேச்சு அனுப்புவோம்."

அவர் எதிரிலேயே அந்த மணிகளைத் தாம்பரத்தில் கழித்துக் கூடுவாஞ்சேரியில் கூட்டினேன். இரண்டு பக்கமும் மூடிக்கு ஏழரை ரூபாய். எக்ஸ் இரண்டாயிரத்து ஐந்நூறு, ஒய்யும் அதே. எதையும் மாற்றியிருக்கவே வேண்டாம்.

தாளோடு மேனேஜரிடம் ஓடினேன்.

"முதலாளி கையெழுத்துப் போட்டாச்சு. இப்போ போய்ச் சொன்னா யார் தப்புன்னு கேப்பார். உங்க பேரைச் சொல்லட்டுமா?"

வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வெளியே ஃபிட்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"எவனோ பட்ச்சவன் கணக்குப் போட்டுத்தான் எங்கள தூக்கினாங்களாமே. யாருமா அவன்?"

"தெரியலைண்ணா" என்றேன்.

"நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்றவர், பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.