தொட்டியையும் சேர்த்து எழுதிய உயரம்

கம்பம் நடுகிறவருக்கு வயது நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருடமாக உயரத்தில்தான் பிழைப்பு. எந்த வேலையானாலும் தரையிலிருந்துதான் உயரம் சொல்வார். கயிறு அந்தக் கணக்கில்தான் வெட்டப்படும்.

அந்தப் பழக்கமே அவர் காலை வாரியது.

மேட்டுத் தெருக்களில் இணையம் சரியாக எடுக்காது. அங்கேதான் அவருடைய அக்கா வீட்டிலிருந்தபடி, மருத்துவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்துவந்தாள். கால் சரியில்லை, வெளி வேலைக்குப் போக வழியில்லை. மாதக் கடைசிக்குள் நிலையான இணைப்பு இல்லாவிட்டால் வேலை இல்லை என்று கடிதம் வந்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு கம்பம் நட்டு ஆன்டெனா வைத்தால் போதும். தம்பி வேலை பார்க்கும் இணைய நிறுவனம் தயார், குடிநீர்ப் பிரிவும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. நகராட்சி அனுமதிதான் வரவில்லை. மனு இரண்டு முறை திரும்பியது: கோபுரத்துக்கு நிலப்பத்திரம் இல்லை; சுற்றிலும் பத்து மீட்டர் காலியிடம் இல்லை.

"தொட்டி மேல நிக்கிற கம்பத்துக்கு நிலத்தை எங்கடா தேடுவே?" என்று அக்கா சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருபத்தாறாம் தேதி, செவ்வாய், காலை பத்தே முக்கால். நகராட்சி மனுப்பிரிவு அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவருடைய மூன்றாவது மனுவைப் படித்தார்.

"இருபத்தஞ்சு மீட்டரா? தொட்டி எவ்வளவு?"

"இருபது மீட்டர் எண்பதும்மா."

"யோவ், தொட்டியையும் சேர்த்தா எழுதுவே?"

"கயிறு அப்படித்தானேம்மா வெட்டணும்?"

"இங்க யாருய்யா கயிறு கேட்டா?"

அந்த அம்மா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இருக்கிற கட்டடத்தின் மேல் ஆறு மீட்டருக்குள் நட்டால் அது கோபுரமே அல்ல. பத்திரமும் வேண்டாம், காலியிடமும் வேண்டாம். நேரில் அளந்த சான்று போதும்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் அந்த அம்மாவே டேப்புடன் வந்தார். கம்பம் தொட்டியடியில் கிடந்தது. இரண்டு முறை அளந்தார். நான்கு மீட்டர் இருபது. அங்கேயே கையெழுத்து.

இருபத்தெட்டாம் தேதி மாலை நான்கு மணிக்கு இணைப்பு வந்தது. அக்காவின் வேலை நிலைத்தது.

மறுநாள் அவள் ஊன்றுகோலுடன் தம்பி துணையாக அலுவலக மாடிக்கு வந்து நின்றாள். மனுப்பிரிவு அம்மா பதறி எழுந்தார்.

"சொல்லியனுப்பினா நான் இறங்கி வந்திருப்பேனேம்மா!"

"நீங்க ஒரு தடவ வந்தாச்சு. இது என் முறை."

"எத்தனை படி இந்தக் காலோட!"

"பதினாலு," என்றாள் அக்கா, தம்பியைப் பார்த்துக்கொண்டே. "தரையிலேருந்து எண்ணினேன்."